ஏழாம் எண்ணின் அம்மா

இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது: "ஏழாம் எண் பங்கேற்பாளர் ஒவ்வொரு நாளும் தூங்கி எழுந்தவுடன் முதல் வேலையாகத் தன் தாயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறார். இருபத்தோரு நாட்களில் ஒரு நாள்கூட இது தவறவில்லை." பேருந்தின் கடைசி இருக்கையில், எஞ்சின் சூட்டில் பாதம் வெந்துகொண்டிருக்க, அந்த வரிகளை மூன்று முறை படித்தேன். ஏழாம் எண் நான்தான். அம்மாவிடம் நான் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

பதினான்கு பக்க நிதி விண்ணப்பம். ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் பிரிண்டரில் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அனுப்பியவள் என் ஜூனியர். நான் ஆராய்ச்சிப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருந்தபோது அவள் முதலாண்டு. ஒரே துறை, வழிகாட்டியாக ஒரே மேடம், ஒரே அறையில் முதுகுக்கு முதுகாக இரண்டு மேசை. ஐந்தாம் ஆண்டில் நான் விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்காக ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை, பதில்கள் அப்படியே கிடக்கின்றன. துறையில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல பெயர், நிதி விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் என்பது. மூன்று பேருக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்த கை இது. என்னுடையதை இரண்டு முறை நிராகரித்தார்கள். மூன்றாம் முறை நான் அனுப்பவில்லை. கல்யாணத் தரகருக்குக் கல்யாணம் ஆகாத கதை என்று மேடமே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் கூடச் சிரித்தேன்.

ஜூனியரின் ஆராய்ச்சி, இரவு வேலை பார்ப்பவர்களின் பகல் தூக்கம் பற்றியது. எழுந்தவுடன் யாராவது ஒருவரிடம் பேசுகிறவர்களுக்கு அடுத்த நாள் தூக்கம் நன்றாக வருகிறது என்பது அவள் எண்ணம். இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் உதவித்தொகை இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய இந்த விண்ணப்பம் தேர்வானால் மேலும் மூன்று வருடம் ஓடும். ஆகாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது. அவள் அப்பா ஒரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். என்னைப் போல நடுவில் நின்றுவிடுவாள் என்பதை மட்டும் அவள் என்னிடம் சொன்னதில்லை. பேச்சு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மேசையில் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவாள்.

முன்னோட்ட ஆய்வுக்கு அவளுக்குப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் பதினோரு பேர் கிடைத்தார்கள். "ஒரு ஆள் குறையுது சீனியர், உங்க பேரையும் குடுங்களேன்" என்று கெஞ்சினாள். கொடுத்தேன். எண் போட்ட நோட்டுகளை ஒட்டிய உறைகளில் ஷிப்ட் சூப்பர்வைசர்தான் கொடுத்தார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடமே இருக்கும், அவளுக்குத் தெரியாது. மேடம் இதிலெல்லாம் கறார். நாளுக்கு ஒரு பக்கம். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு வந்தது. கடைசியில் ஒரு பெரிய கட்டம்: எழுந்த பிறகு முதலில் யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு நேரம், என்ன பேசினீர்கள்?

முதல் நாள் நான் நிஜமாகவே எழுதினேன். படுத்தது ஒன்பது பத்து. எழுந்தது இரண்டு நாற்பது. விழிப்பு நான்கு முறை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கடையில் ரொட்டி வாங்கினேன், விலை ஒட்டியிருந்தது, காசை வைத்தேன், மீதியை எடுத்தேன். பேருந்தில் பாஸ் காட்டினேன். கிடங்கு வாசலில் அட்டையைக் கருவியில் வைத்தேன், அது கூவியது. உள்ளே பெல்ட் ஓடும் சத்தத்துக்காக எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வோம். வரும் பெட்டியை ஸ்கேன் செய்து அந்தந்தத் தடத்தில் தள்ளுவது என் வேலை. அன்று எழுந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை, இரவு பதினொன்றரைக்குப் பக்கத்துத் தடத்துக்காரனிடம் சொன்ன "ஏய், கை" என்பதுதான். அவன் விரல் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போயிருந்தது. அதை எழுதலாமா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினேன். பிறகு இருபது நாள் திறக்கவில்லை.

கடைசி நாள் சூப்பர்வைசர், நோட்டுகளைப் போட வேண்டிய பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். இடைவேளையில் கேண்டீனின் மூலை மேசையில் உட்கார்ந்து இருபத்தோரு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். மூன்று பேனா. இரண்டு என்னுடையவை, ஒன்று கல்லாவில் இரவல். ஐந்து வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவனுக்கு, உண்மையான தரவு பார்க்க எப்படி இருக்கும் என்று தெரியும். கையெழுத்தைச் சாய்த்து மாற்றிக்கொண்டேன், நேரங்களை முன்பின் ஆக்கினேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். ஒரு பக்கத்தில் டீக் கோப்பையை வைத்து வட்டக் கறை வரவழைத்தேன். கடைசிக் கட்டத்தில் அம்மா என்று எழுதினேன். ஒரு நாள் எழுதியதும் மறுநாளும் எழுத வேண்டியதாகிவிட்டது. தவறு அதற்கும் மேலே. அவள் எண்ணம் என்ன என்று எனக்கு முன்பே தெரியும், அவளுடைய முதல் வரைவைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். கை தன் பாட்டில் வேலை செய்துவிட்டது. அம்மாவிடம் அதிக நேரம் பேசிய நாளுக்கு அடுத்து அதிகத் தூக்கம், குறைவாகப் பேசிய நாளுக்கு அடுத்து குறைவு. படிக்காத ஒருவன் பொய் எழுதியிருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

புதன்கிழமை காலை எட்டரைக்குத் துறைக்குப் போனேன். மூன்றாம் மாடி, தாழ்வாரத்தின் கடைசி அறை. என் பழைய மேசையில் இப்போது பழுதான கணினிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க சீனியர். கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு."

"ராத்திரி முழுக்கப் பெட்டி தள்ளிட்டு வந்தா ரோஜாப்பூ மாதிரியா இருக்கும்?"

"படிச்சீங்களா?"

"படிச்சேன். முதல் பத்தியத் தூக்கிடு."

"ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன் அத."

"தெரியுது. மனித குலத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்க. இதப் படிக்கப்போறவரு அன்னிக்கு நாப்பது படிச்சு முடிச்சிருப்பாரு, உன்னோடது நாப்பத்தொண்ணு. மனித குலம்னு பாத்ததும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவாரு. பகல் பதினோரு மணிக்கு ஜன்னல்ல போர்வையக் கட்டிட்டுப் படுத்திருக்கிற ஒருத்தன்லேர்ந்து ஆரம்பி."

எழுதிக்கொண்டாள். 'இதுவரை எவரும் ஆராயாத' என்று ஆறு இடத்தில் இருந்தது. ஐந்தை எடுக்கச் சொன்னேன், ஆறாவதும் பொய்யாக இருக்கும், தேடிப் பார் என்றேன். மூன்று நோக்கங்கள் போட்டிருந்தாள், முதலாவது விழுந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து விழும். ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிற மாதிரி பிரிக்கச் சொன்னேன். எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்ற பகுதியே இல்லை.

"அத எழுதினா இவளுக்கே நம்பிக்கை இல்லேன்னு நினைக்க மாட்டாங்களா?"

"எழுதலேன்னாதான் நினைப்பாங்க. இவ வாழ்க்கையில ஒண்ணையும் செஞ்சு பாத்ததில்ல போலிருக்கேன்னு."

சிரித்தாள். இந்த அறையில் என் பேச்சுக்கு ஒருவர் சிரிப்பது பழைய பழக்கம் போல இருந்தது. ஒரு நிமிடம் நான் வந்த வேலை மறந்துபோனது. பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, போகிற போக்கில் சொல்வது போல, "இந்த ஏழாம் எண்ணையும் எடுத்துடு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "அத எப்படி எடுக்கிறது? இந்த விண்ணப்பத்துக்கு உயிரே அதுதானே. மேடம் அதப் படிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பேசல. மேடம் பேசாம இருந்து நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு ஆள வச்சு என்ன நிரூபிக்க முடியும்?"

"எழுந்ததும் பேசற பழக்கம் உள்ளவங்க நாலு பேரு இருக்காங்க. மத்த மூணு பேரு அங்கங்க விட்டிருக்காங்க, இவரு மட்டும்தான் முழுசா எழுதியிருக்காரு. படம் போட்டுப் பாத்தேன், கோடு இழுத்த மாதிரி போகுது." திரையை என் பக்கம் திருப்பினாள். புள்ளிகள் சாய்வாக ஏறிக்கொண்டிருந்தன. என் கைவேலை.

"இருபத்தோரு நாளும் ஒருத்தன் ஒரு கட்டம் விடாம எழுதுவானா? நீ எழுதுவியா?"

"நான் எழுத மாட்டேன். அதனாலதான் அவரு பெரிய ஆளு." நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு அவரப் பாக்கணும் போல இருக்கும் சீனியர். கொஞ்சம் வயசானவரா இருப்பாருன்னு தோணுது. ஒரு நாள் அவங்க அம்மா, 'துணி காயுதா'ன்னு மட்டும் கேட்டிருக்காங்க. அன்னிக்குப் பேசினது ஒரே நிமிஷம். ஒண்ணும் பேசறதுக்கு இல்ல. ஆனா அன்னிக்கும் கூப்பிட்டிருக்காரு பாருங்க. சோர்வா இருக்கிறப்போ நான் அந்தப் பக்கத்த எடுத்துப் படிப்பேன்."

அந்த வரியை இரவல் பேனாவால் எழுதினேன். பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எழுதியது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, என் அம்மா அப்படிக் கேட்டதில்லை.

"பொய்யா இருந்தா?" என்றேன்.

"தூக்க டைரில பொய் எழுதி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றாள். கேள்வியாகவே கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

அறைக்கு வந்து படுத்தேன். நான் தங்கியிருப்பது ஒரு கட்டடத்தின் பின்பக்க அறை. ஜன்னலில் போர்வை. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கீழே பத்து மணிக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும், பதினொன்றரைக்கு நிற்கும். ஓடும்போது வராத தூக்கம் நின்ற பிறகும் வராது. அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணியின் போனிலிருந்துதான் பேசுவாள். நான் படிப்பை விட்டது அவர்களுக்குத் தெரியாது. "எப்பப்பா முடியும்?" என்பாள். "இன்னும் ஆறு மாசம்மா" என்பேன். இரண்டு வருடமாக அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கும் கை பழகிவிடுகிறது. பிறகு அவர்களே நிறுத்திவிட்டார்கள். பிள்ளை படிப்பில் மும்முரமாக இருக்கிறான் என்று அண்ணி சொல்லியிருப்பாள், அவள் நல்லவள்.

படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சூப்பர்வைசர் பட்டியலைக் கிழித்துப் போட்டிருப்பார். விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, திருத்தங்களைச் செய்தால் நிச்சயம் கிடைக்கும், அந்த வாசனை எனக்குத் தெரியும். மூன்று வருடம் ஆய்வு செய்வாள், கடைசியில் எதிர்பார்த்த முடிவு வராது. வராவிட்டால் என்ன, பாதிப் பேருக்கு வருவதில்லை. அதற்குள் பட்டம் வாங்கிவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதே அவளுக்கு நல்லது என்று வந்தது. எனக்கும் நல்லது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து கைகழுவும் இடத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பெட்டி அடுக்குகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். கிடங்கிலேயே வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் பெரியப்பா. காதிலிருந்து பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், நாளைக்கும் அதே பஞ்சுதான்.

"அந்தப் பொண்ணு குடுத்த நோட்டுல நீங்களும் எழுதினீங்கல்ல பெரியப்பா?"

"எழுதினேன். பள்ளிக்கூடத்துல எழுதாம விட்டதெல்லாம் சேத்து எழுதியாச்சு."

"கடைசியில ஒரு கட்டம் இருந்துதே. யார்கிட்ட முதல்ல பேசினீங்கன்னு."

சோப்பை நுரைக்கத் தேய்த்தார். "அத விட்டுட்டேன்."

"எத்தன நாள்?"

"எல்லா நாளும்தான்."

"வீட்ல பெரியம்மா இருக்காங்களே."

"நான் எந்திரிக்கிறப்போ அவ வேலைக்குப் போயிருப்பா. அவ வர்றப்போ நான் கிளம்பியிருப்பேன். சாப்பாட்டத் தட்டு போட்டு மூடி வச்சிருப்பா. மூடிகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினேன்னா எழுதறது?" தானே சிரித்துக்கொண்டார். குழாயை மூடினார். அது மூடிய பிறகும் சொட்டியது.

"யாருமில்லன்னு எழுதியிருக்கலாமே."

"அத எதுக்குடா எழுதிக்கிட்டு. அந்தப் பொண்ணு உக்காந்து படிக்கும். சின்னப் பொண்ணு, பாவம்." கையை உதறினார். "நம்ம பயலுவ நாலஞ்சு பேரு அப்படித்தான் விட்டானுங்க. நீ என்ன எழுதின?"

"என்னமோ எழுதினேன்" என்றேன்.

"படிச்சவன் நீ. உனக்கென்ன" என்று முதுகில் ஈரக்கையால் தட்டிவிட்டுப் போனார்.

அன்று நேராகத் துறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அறைக்குப் போய்ப் படுத்தேன். மாலை எழுந்தபோது திருத்திய வரைவு வந்திருந்தது. நன்றாகத்தான் செய்திருந்தாள். போர்வை கட்டிய ஜன்னலிலிருந்து தொடங்கியது. மூன்று நோக்கங்களும் தனித்தனியாக நின்றன. இரண்டாவது நோக்கத்தைப் புதிதாக எழுதியிருந்தாள்: ஏழாம் எண் பங்கேற்பாளரின் பழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அறுபது இரவுப் பணியாளர்கள் மூன்று மாதம் தினமும் எழுந்தவுடன் தங்களுக்கு நெருக்கமான ஒருவரை அழைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்ளப்படுவார்கள். படிக்க அருமையாக இருந்தது. நாற்பத்தொன்றாவது விண்ணப்பம் என்றாலும் அவர் டீக்குப் போகமாட்டார். கண்ணை மூடினால் பெரியப்பா தெரிந்தார். மூடிய தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் கேட்டதே என்று யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். சட்டைப்பையில் பஞ்சு இருக்கிறது. நான் எழுதிய அம்மாவுக்காகத் தொண்ணூறு நாள் அப்படி உட்கார்ந்திருக்கப்போகிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அறைக்குப் போனேன். மேசையில் மூன்று காலிக் கோப்பைகள். தலையை அள்ளி ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்.

"சுருக்கம் இருநூறு வார்த்தைக்கு மேல போகக்கூடாதாம், பதினேழு வார்த்தை அதிகமா இருக்கு. எதையாவது வெட்டித் தாங்க சீனியர்."

"ஏழு நான்தான்."

"எந்த ஏழு?" திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏழாம் எண்."

நாற்காலியோடு திரும்பினாள். முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. "அட. நீங்களா? இத்தன நாளா சொல்லவே இல்ல பாருங்க. அப்ப தினமும் அம்மாகிட்ட…" எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசல. ஒரு நாளும் பேசல. கடைசி நாள் கேண்டீன்ல உக்காந்து எல்லாத்தையும் நானே எழுதினேன்."

மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டியது. அவள் தலையிலிருந்த பென்சிலை உருவினாள், முடி சரிந்து விழுந்தது, மறுபடி செருகவில்லை.

"துணி காயுதான்னு கேட்டது?"

"நான் எழுதினது."

"எல்லாமே?"

"முதல் நாள் தூங்கின நேரம் மட்டும் நிஜம்."

என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு உதவியா இருக்கும்னு எழுதினீங்களா?"

"அப்படிச் சொல்லிடலாம்னுதான் வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன். இல்ல. யாருமில்லன்னு எழுத வெக்கமா இருந்துது."

"வேற எவனாவது பண்ணியிருந்தா கோபம் வந்திருக்கும். நீங்க இந்த நாற்காலில உக்காந்து வேலை பாத்த ஆளு. டேட்டான்னா என்னன்னு எனக்கே சொல்லிக்குடுத்த ஆளு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "புதன்கிழமை இங்கதானே உக்காந்திருந்தீங்க. எடுத்துடுன்னீங்க. எப்படி எடுக்கிறதுன்னு கேட்டேனே."

"சொல்லத் தைரியம் வரல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கேட்டேன்: "வெறுமையா விட்டிருந்த கட்டத்தையெல்லாம் என்ன பண்ணின?"

"என்ன பண்றது? விடுபட்டதுன்னு குறிச்சு, கணக்குல சேக்கல."

"எத்தன இருக்கும்?"

பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஆராய்ச்சி மாணவி, எண்ணிக்கை கேட்டால் கை தானாகப் போகும். கோப்பைத் திறந்து பார்த்தாள். "மொத்தம் எரநூத்தி அம்பத்திரண்டு கட்டம். நூத்தி நாப்பத்தொம்பது காலி."

பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். ஆள் யார் என்று சொல்லவில்லை. மூடியிட்ட தட்டைச் சொன்னேன். சின்னப் பெண், படிக்கும், பாவம் என்றதையும் சொன்னேன். அவள் முகம் திரைப் பக்கமாக இருந்தது, கன்னத்தின் ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது. கோப்பில் அந்தக் கட்டத்துக்கான நீண்ட வரிசையை மேலிருந்து கீழாக மெதுவாக உருட்டிக்கொண்டே போனாள். காலி, காலி, காலி.

"ஒருத்தர் சொன்னத வச்சு நான் என்ன எழுத முடியும்?"

"முடிவா எழுதாத. இத்தன கட்டம் காலியா இருக்கு, ஏன்னு எனக்குத் தெரியல, போய்க் கேக்கப்போறேன்னு எழுது."

"மூணு பேரு மிச்சம், அவங்களும் அரைகுறை. படம் போச்சு. ரெண்டாவது நோக்கம் போச்சு." விரல் விட்டு எண்ணினாள். "இது கிடைக்குமா?"

"தெரியல."

"இதுக்கு முன்னாடி இருந்தது?"

"கிடைச்சிருக்கும்."

தலையை ஆட்டினாள். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். திட்டுகிறாளா, வருத்தப்படுகிறாளா, நன்றி மாதிரி எதுவுமா என்று குரலிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. பிறகு இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். ஏழாம் எண்ணில் தொடங்கி அந்தப் பத்தி முடியும் வரை தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் நீலப் பின்னணியில் நின்றன. அவ்வளவையும் மறுபடி ஒருமுறை படித்தாள், உதடு லேசாக அசைந்தது. அழித்தாள். கீழே இருந்த வரிகள் மேலே ஏறி வந்தன. பதினான்கு பக்கம் பதின்மூன்றானது.

"மேடம்கிட்ட சொல்லணும்" என்றாள். "அஞ்சு மணிக்குள்ள அவங்க ஒப்புதல் குடுத்தாதான் போர்ட்டல் எடுத்துக்கும். இதக் கேட்டா இந்த வருஷம் வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க."

"நானே சொல்றேன்."

"ஏழாம் எண் அவரா வந்து சொன்னாருன்னு மட்டும் நான் சொல்லுவேன். யாருன்னு சொல்ல மாட்டேன். ரகசியமா இருக்கும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்." முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "யாருன்னு தெரியணும்னா நீங்க பேசுங்க. உங்க இஷ்டம்."

போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். மணி போகத் தொடங்கியது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே மேலிருந்து இரண்டு ஷூக்கள் இறங்கி வந்தன. பிறகு முழங்கால்கள், பலகை, பக்கவாட்டில் தொங்கும் வாளி. கண்ணாடி துடைப்பவர். நடு வயது ஆள், தலையில் துண்டு கட்டியிருந்தார். கயிறு நின்றதும் கொஞ்சம் ஆடினார், காலால் சுவரைத் தொட்டு நிதானித்துக்கொண்டார். சோப்புத் தண்ணீரை அள்ளிப் பூசினார். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். நுரைக்கு அந்தப் பக்கம் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தேன். காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு கயிறும் இல்லை. எதையோ விளக்கிச் சொல்வது போல நிறுத்தி, தலையை ஆட்டி, மறுபடி தொடர்ந்தார். ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

"சொல்லும்மா" என்றார் மேடம்.

ஜூனியர் மூச்சை இழுத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஹலோ, லைன்ல இருக்கியா?"

வெளியே அவர் ரப்பர் கட்டையைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வைத்து, கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தார். வழித்த இடத்தில் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது, எனக்கு ஒரு முழம் தள்ளி. சிரித்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் போல வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார்.